தேக்குத் தொட்டிலும் இவருடைய சட்டைகளும்

பிப்ரவரி 24, வெள்ளி

தொட்டிலைக் காணவில்லை.

அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஒரு வாரம் தூத்துக்குடிக்குப் போய்விட்டு இன்று மத்தியானம்தான் வந்தேன். செருப்பைக் கழற்றிப் போட்டதும் பின் அறைக்குத்தான் போனேன். ஜன்னலுக்குக் கீழே தொட்டில் நின்ற இடம் வெறுந்தரையாகக் கிடந்தது. மெத்தை இல்லை, கொசுவலை இல்லை, நான் தைத்துவைத்த சின்னத் தலையணைகளும் இல்லை.

"தொட்டில் எங்க?" என்றேன்.

இவர் பேப்பரைக் கீழே இறக்கவில்லை. "கோயிலுக்குக் குடுத்தாச்சு."

சாம்பல் புதன் ஆராதனையில் எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் பாதிரி ஐயர் பிரசங்கம் செய்தாராம். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து காலத்தில் கறி மீனை விடுவது பெரிய காரியமில்லை, வீட்டில் மிஞ்சிக் கிடக்கிறதை விடுங்கள், இரண்டு அங்கி வைத்திருப்பவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்றாராம். யார் முதலில் என்று கேட்டதும் இவர் எழுந்து நின்றாராம். நானும் என் வீட்டாரும் தயார் என்று சொன்னாராம். வீட்டார் என்றால் நான். நான் அப்போது தூத்துக்குடியில் அக்கா கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

"வீட்டுல வேற பொருளே இல்லையா? அதுதான் கெடச்சுதா ஒங்களுக்கு?"

"சும்மாதான ஜெமிமா கெடந்துச்சு, இத்தன வருஷமா."

சும்மா கிடந்ததாம்! எங்கள் அப்பா தேக்கு வாங்கிக் கொடுத்து, ஆசாரியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்த தொட்டில். எங்கள் மகள் ஷைனி அதில்தான் கிடந்தாள். அவள் பிள்ளையும் அதில்தான் கிடக்க வேண்டும் என்று சனிக்கிழமைதோறும் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் பெண்டாட்டி வீட்டு நெய்யை எடுத்து ஊருக்கு ஊற்றியிருக்கிறார்.

இன்று இவருக்குச் சோறு வைக்கவில்லை. பானையில் இருக்கிறது, போட்டுச் சாப்பிடத் தெரியும்.

பிப்ரவரி 26, ஞாயிறு

கோயிலில் அறிவிப்பின்போது ஐயர் இவர் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். தேக்குத் தொட்டில், மெத்தையோடு, மணியடிக்கும் பொன்னுத்துரை வீட்டுக்குப் போயிருக்கிறது. அவன் மருமகள் கிருபாவுக்கு இது மாதம்.

வெளியே வந்தால் ஆளாளுக்கு இவர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். "சார்வாளுக்குப் பெரிய மனசு." இவர் தலையைக் குனிந்து, "எல்லாம் ஆண்டவர் தந்ததுதான" என்கிறார். ஆண்டவர் தந்ததா? எங்கப்பா தந்தது.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. வேதக்காரர் வீட்டுக்குப் பொருந்தாத பழமொழிதான், ஆனால் இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்று அகப்படவில்லை.

பிப்ரவரி 27, திங்கள்

ஷைனி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். ஈஸ்டருக்கு வருகிறாளாம், மருமகன் ஆல்வினும் வருகிறாராம். கிறிஸ்மஸுக்கு வரவில்லை, போன ஈஸ்டருக்கும் வரவில்லை, லீவு இல்லை லீவு இல்லை என்று சொன்னவளுக்கு இப்போது எப்படியோ லீவு கிடைத்திருக்கிறது. வழக்கம்போல, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டேன். "அடுப்புல பால் இருக்கும்மா" என்று வைத்துவிட்டாள்.

அவள் வந்து பின் அறையைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? உனக்கு இனிப் பிள்ளை பிறக்காது என்று பெற்ற தகப்பனே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகாதா? ஒரு தடவை நின்று மூன்றாம் மாதத்தில் போய்விட்டது, அவ்வளவுதானே. சாராளுக்குத் தொண்ணூறு வயதில் கொடுத்த ஆண்டவருக்கு முப்பத்துமூன்று ஒரு வயதா?

இவரை விடப்போவதில்லை. பழிவாங்குவது தம்முடைய வேலை என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார், அது எனக்கும் தெரியும். அவருக்கு உலகம் முழுக்க வேலை கிடக்கிறது. இந்தச் சின்ன வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 1, புதன்

இவருடைய பீரோவைத் திறந்தேன்.

கூட்டுறவு வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இத்தனை சட்டை எதற்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தீபாவளிக்கும் நமக்கும் சம்பந்தமில்லை, ஆனால் தீபாவளித் தள்ளுபடி என்றால் இவருக்கு இரண்டு சட்டை. கிறிஸ்மஸுக்கு, புது வருஷத்துக்கு, பிறந்த நாளுக்கு, எவன் வீட்டுக் கல்யாணத்துக்கோ எல்லாம் சட்டை. எல்லாம் கஞ்சி போட்டுத் தேய்த்து, நிறவாரியாகத் தொங்குகிறது. ஒன்றை நான் தப்பான இடத்தில் மாட்டினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்.

முதலில் இளநீல லினன் சட்டையை எடுத்தேன். ஷைனி முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தது என்று தடவித் தடவிப் போடுவார். இளநீர் விற்கும் முத்தையாவைக் கூப்பிட்டு அளவெடுத்தேன். நான் சும்மா டீச்சர் இல்லை, முப்பது வருஷம் தையல் டீச்சர். பக்கத் தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் வெட்டி, தோளைக் குறைத்து, கையைச் சுருக்கி முத்தையாவுக்கு அச்சாகத் தைத்துவிட்டேன். இனி இவர் அழுது புரண்டு கேட்டாலும் தொப்பை உள்ளே போகாது.

"எதுக்கு டீச்சரம்மா இதெல்லாம்?" என்றார் முத்தையா.

"சார்தான் குடுக்கச் சொன்னாக. லெந்து காலம்லா."

மார்ச் 5, ஞாயிறு

முத்தையா கோயிலுக்குப் போகிற வழியிலேயே கடை போட்டிருந்தார், இளநீல லினனில்.

இவர் நின்றார். நானும் நின்றேன். முத்தையா கும்பிட்டு, "ரொம்ப சந்தோசம் சார்" என்று சொல்லி ஆளுக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார், காசு வாங்க மாட்டேன் என்றார். இவர் முகத்தில் ஈயாடவில்லை. இளநீரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இளநீரைப் போல ருசியானதை நான் குடித்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும், "சொல்லிருக்கலாமே" என்றார்.

"நீங்க சொன்னியளா?"



மார்ச் 11, சனி

இந்த வாரம் போனவை: பேப்பர் போடுகிறவருக்குக் கோடு போட்ட சட்டை, ஆட்டோ சுடலைக்குச் சந்தன நிறத்தில் பட்டு கலந்தது (ஷைனி கல்யாணத்துக்கு எடுத்தது), வாய்க்கால் அள்ளுகிறவர்களுக்கு ஒரு கட்டு. இவருடைய கைக்கடிகாரங்களில் பழையது ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கோயிலில் காணிக்கைப் பொருள் சேர்க்கும் குவியலில் போட்டேன். சாயங்காலம் இவர் சாய்ந்து உட்காரும் பிரம்பு நாற்காலி முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டது. இப்போது முக்காலியில் உட்கார்ந்து பேப்பர் வாசிக்கிறார். முதுகு வலிக்கிறது போல. வலிக்கட்டும்.

கிருபாவுக்குப் பையன் பிறந்திருக்கிறான். பொன்னுத்துரை கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தான். பிள்ளை தொட்டிலில் போட்டதும் தூங்கிவிடுகிறதாம். கற்கண்டை நான் வாயில் வைக்கவில்லை.

மார்ச் 16, வியாழன்

என் பழி எனக்கே வினையாகிறது.

ரேஷன் கடையில் பேசிக்கொள்கிறார்கள், தியோடர் சார் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஞானியாகப் போகிறாராம். ஒரு அம்மா என்னிடமே வந்து, "இப்படி ஒரு புருசன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றாள். நான் ராப்பகலாகத் தையலைப் பிரித்து விரல் நோகத் தைத்துக் கொடுக்கிறேன், பெயர் இவருக்குப் போகிறது! எரிச்சலில் அரை கிலோ சீனியைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தேன்.

இவர் கொஞ்சம் சண்டை போட்டால் நன்றாக இருக்கும். என்னத்துக்குடி என் சட்டையைக் கொடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டால், நான் நூறு வார்த்தை வைத்திருக்கிறேன். கேட்க மாட்டேன் என்கிறார். காலையில் பீரோவைத் திறக்கிறார், மிஞ்சியிருப்பதில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்கிறார்.

மார்ச் 20, திங்கள்

ஷைனி பேசினாள். என்னால் வாயை அடக்க முடியவில்லை. "ஒங்கப்பா ஒரு காரியம் பண்ணிருக்காக, வந்து பாரு. நான் இப்ப சொல்ல மாட்டேன்" என்றேன்.

"அப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்கம்மா."

"என்ன காரியம்னே தெரியாம அப்பாவுக்கு வக்காலத்து வாங்குதியா?"

 பிறகு, "அப்பா நல்லா இருக்காகளா? சாப்பிடுதாகளா?" என்று கேட்டாள். சின்ன வயதிலிருந்தே இவள் அப்பா பிள்ளைதான். நான் நல்லா இருக்கிறேனா என்று கேட்கவில்லை.

மார்ச் 29, புதன்

ஐயர் வீடு சந்திக்க வந்தார். பிரம்பு நாற்காலி இல்லாததால் முக்காலியில் உட்கார வேண்டியதாயிற்று. சின்னப் பையன்தான், ஷைனியைவிட இளையவன். ஜெபம் முடிந்ததும் இவர் காது கேட்கும்படியே கேட்டேன்.

"ஐயரே, ஒருத்தர் பொருள இன்னொருத்தர் எடுத்துக் குடுத்தா அது காணிக்கையில சேருமா?"

"அது எப்படிம்மா சேரும்? யாருக்கு அது உரிமையோ, யாருக்கு அதக் குடுத்தா வலிக்குமோ, அவங்க குடுத்தாத்தான் காணிக்கை. மத்தவன் குடுத்தா அதுக்கு வேற பேரு."

"கேட்டுக்கோங்க" என்றேன் இவரைப் பார்த்து. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. இவர் முக்காலியையும் ஐயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வாஸ்தவம்தான்" என்றார். ஐயர் காப்பியைக் குடித்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று, "டீச்சரம்மா, சட்டையெல்லாம் சார்தானே கொடுத்தாங்க?" என்று கேட்டார். காப்பி டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

பள்ளிக்கூட மைதானத்திலிருந்து கோயில்வரை குருத்தோலைப் பவனி. வெயில் ஏறுவதற்குள் கிளம்பினோம். ஓசன்னா பாடிக்கொண்டு போகும்போதுதான் முன்னால் பார்க்கிறேன். சிலுவையைத் தூக்கிப் போகிறவன் இவருடைய மெரூன் சட்டையில். பொன்னுத்துரை வெள்ளைச் சட்டையில், காலர் மட்டும் நான் மாற்றியது. ஓலை பிடித்துப் போகிற ஆண்களில் பாதிப்பேர் இவருடைய பீரோவைப் போட்டுக்கொண்டுதான் போகிறார்கள். ரோட்டோரத்தில் சுடலை ஆட்டோவை நிறுத்திவிட்டு பட்டுச் சட்டையில் நின்று வேடிக்கை பார்க்கிறான். நடுவில் இவர் ஒருவர்தான் பழைய காப்பிப்பொடி நிறச் சட்டையில், கையில் ஓலையோடு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்துவந்தார்.

இதற்குத்தான் நான் ஆசைப்பட்டேன். கண் நிறையப் பார்த்தேன்.

ஆனால் பிரசங்கத்தில் ஐயர் என்ன சொன்னார்? ஆண்டவர் எருசலேமுக்குள் வரும்போது ஜனங்கள் தங்கள் வஸ்திரத்தை வழியில் விரித்தார்கள், நம்ம சபையிலும் ஒருத்தர் விரித்திருக்கிறார் என்றார். கோயிலே திரும்பிப் பார்த்தது. என் பக்கத்தில் இருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையிலிருந்த குருத்தோலையை நான் இரண்டாகப் பிய்த்துவிட்டேன்.

சட்டையால் இவரை அசைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. தொட்டிலாலேயே அசைக்க வேண்டும்.

ஏப்ரல் 4, செவ்வாய்

சாப்பிடும்போது இவரே பேச ஆரம்பித்தார்.

"சனிக்கிழம ஷைனி வாரா. அவ இருக்கும்போது மட்டும் சண்ட வேண்டாம். மிச்சம் இருக்கதையும் வேணும்னா குடுத்துரு."

"தொட்டில் எங்கன்னு அவ கேட்டா என்ன சொல்லுவிய?"

"கேக்க மாட்டா."

"எப்படித் தெரியும் ஒங்களுக்கு?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "ரசம் இருக்கா?" என்றார்.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

தொட்டில் வந்துவிட்டது.

இவர் கோயிலுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போன நேரம் பார்த்து, சுடலை ஆட்டோவில் இவருடைய கட்டிலையும் இலவம்பஞ்சு மெத்தையையும் ஏற்றிக்கொண்டு பொன்னுத்துரை வீட்டுக்குப் போனேன். "இத வச்சுக்கோ, தொட்டில மட்டும் திருப்பித் தா" என்றேன்.

பொன்னுத்துரை விழித்தான். "சார் சொன்னாகளா?"

"நான் சொல்லுதேன். அது எங்கப்பா செஞ்சது."

கிருபா குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். தூக்கத்தில் இருந்த பிள்ளையின் தலை பதிந்த இடம் மெத்தையில் அப்படியே தெரிந்தது. மெத்தையையும் கொசுவலையையும் அவளே மடித்துக் கொடுத்தாள். ஒரு சேலையை எடுத்து உத்தரத்தில் கட்ட ஆரம்பித்தாள். பிள்ளை அழவே இல்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

எனக்கு என்ன? இரும்புக் கட்டில் கொடுத்திருக்கிறேனே.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மத்தியானம் மூன்று மணி நேர மும்மணி ஆராதனை. உபவாசம். தொட்டிலைக் கூடத்தின் நடுவில் போட்டுவிட்டேன்.

நேற்று ராத்திரி இவர் வந்து பார்த்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. ஆறு வாரமாக நான் பார்க்க நினைத்த முகம் அதுதான். தரையில் பாய் விரித்துப் படுத்தவர் இன்று விடிந்ததும் என் பின்னாலேயே அடுக்களைக்கு வந்தார்.

"ஜெமிமா, ஒன் கால்ல விழுந்து கேக்கேன். இன்னைக்கே திருப்பிக் கொண்டு விட்ருவோம்."

"ஏன், ஊருல பேரு கெட்டுப் போயிருமோ?"

"ஊரு கெடக்கு. ஷைனிக்குப் பிடிக்காது."

"எம்பிள்ளைக்கு எது பிடிக்கும்னு நீங்க எனக்குச் சொல்லித் தர வேண்டாம்."

இவர் கண் கலங்கியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுதுகிறேன், பெரிய வெள்ளியன்று இப்படி எழுதக் கூடாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 8, சனி

காலை ரயிலில் வந்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன். தொட்டிலுக்குப் புதுக் கொசுவலை, ஓரத்தில் லேஸ் வைத்துத் தைத்திருந்தேன். ஷைனி கேட்பாள், கேட்டதும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அப்போது இவர் எங்கே பார்ப்பார் என்று பார்க்க வேண்டும். இதுதான் என் திட்டம்.

ஷைனி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். இடுப்பு கொஞ்சம் பருத்த மாதிரித் தெரிந்தது, எனக்குக் குப்பென்று சந்தோஷம். சுடிதாரின் வெட்டுதான் அப்படி, வேறொன்றுமில்லை. வாசற்படியில் ஒரு கால் வைத்தாள். தொட்டிலைப் பார்த்தாள். வைத்த காலை எடுத்துவிட்டாள்.

என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற இவரைப் பார்த்தாள்.

"குடுத்தாச்சுன்னு சொன்னீங்களேப்பா."

 நான் இரண்டு பேரையும் பார்த்தேன். ஆல்வின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார்.

"நான்தாம்மா குடுக்கச் சொன்னேன்" என்றாள் ஷைனி. சத்தம் போடவில்லை. "ஒவ்வொரு தடவ வரும்போதும் அதத் தொடச்சு, எண்ணெ போட்டு, புதுசா ஒரு தலகாணி தச்சு வச்சிருப்பிய. ஃபெயிலாப் போன பிள்ள மார்க் சீட்டக் கொண்டு வந்து நிக்க மாதிரி நான் அது முன்னால வந்து நிக்கணும். அது வீட்டுல இருக்க வரைக்கும் நான் வர மாட்டேன்னு அப்பாட்ட சொன்னேன். ஒங்களுக்குத் தெரியாண்டாம்னும் சொன்னேன்."

பிறகு தொட்டிலைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். ஆல்வின், "பயணக் களைப்பு அத்தை" என்று சொல்லிக்கொண்டு பின்னாலேயே போனார்.

நான் அப்படியே முக்காலியில் உட்கார்ந்தேன். மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்த நெய்மீன் அடுக்களையில் கிடந்தது. மஞ்சள் போட வேண்டும் என்று தோன்றியது, எழுந்திருக்க முடியவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று இவரிடம் கேட்டேன்.

"சொல்லாண்டாம்னா. அதுவும் போக, தெரிஞ்சா நீ அவ மேல கோவப்படுவ. ஒங்கோவத்த அவ தாங்க மாட்டா." காப்பிப்பொடி நிறச் சட்டையின் முனையைத் தடவிக்கொண்டே சொன்னார். "எம்மேல கோவப்பட்டா என்ன? போனது சட்டதான."

எனக்கு இவர்மேல் கோபம் முன்னைவிட அதிகமாக வந்தது. இத்தனை நாள் என்னை ஆடவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். ஒரு மனுஷியை இப்படியா ஆக்குவது? அழுதேன். கோபத்தில்தான் அழுதேன்.

மீனை ஆல்வின்தான் கழுவி வைத்தார்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனைக்கு ஷைனி அப்பாவோடு போனாள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். அவர்கள் தெரு முனை திரும்பியதும் சுடலைக்குப் போன் போட்டேன். தொட்டிலை ஆட்டோவில் ஏற்றினோம். மெத்தை, தலையணை, புதிதாகத் தைத்த லேஸ் வலை எல்லாம்.

பொன்னுத்துரை மணியடிக்கப் போயிருந்தான். கிருபா மட்டும் சேலைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். இவருடைய இரும்புக் கட்டில் மூலையில் அப்படியே நின்றது, மெத்தையை விரிக்கக்கூட இல்லை.

"இந்தாம்மா, தொட்டிலு. வச்சுக்கோ" என்றேன்.

"வேண்டாம் டீச்சரம்மா."

"நான் செஞ்சது தப்புதான். பிள்ளையப் போடு."

"பிள்ள சேலையிலயே பழகிட்டான். ஒங்க கட்டிலையும் எடுத்துட்டுப் போயிருங்க. மாமா கீழதான் படுக்காக." என்னை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்திரண்டு வயது இருக்குமா அவளுக்கு? "சார் குடுத்தாக, சந்தோசமா வாங்குனோம். நீங்க வந்து எடுத்துட்டுப் போனிய. இப்பம் நீங்க குடுத்தா நாளைக்கு யாரு வந்து கேப்பாவன்னு நான் பயந்துகிட்டே பிள்ளையப் போட முடியாதுல்லா? யாரோடதுன்னு தெரியாத பொருளு எங்களுக்கு வேண்டாம்."

நான் தையல் வகுப்பில் பிள்ளைகளை முட்டிபோட வைத்தவள். அந்த ஓட்டு வீட்டு வாசலில் கையில் லேஸ் வலையோடு நின்றேன். கெஞ்சினேன். "என்ன செஞ்சா வாங்கிக்கிடுவ, சொல்லு" என்றேன்.

"உரிமை உள்ளவங்க வந்து சொல்லட்டும்."

உரிமை உள்ளவர் யார்? நான் என்னுடையது என்றேன், இவர் வீட்டாருடையது என்றார். எங்கப்பா யாருக்காகத் தேக்கு வாங்கினார் என்று அந்த வாசலில் நின்றுதான் யோசித்தேன்.

தொட்டிலை அங்கேயே வெளியில் இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆராதனை முடிந்து வந்த ஷைனி இன்னும் சேலையைக்கூட மாற்றவில்லை. அவளிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்தேன். பிள்ளையிடம் ஒன்றைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் அவள் முன்னால் போய் நின்று, கிருபா சொன்னதை அப்படியே சொன்னேன். கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

"நீ வரணும்" என்றேன். "வரலன்னாலும் எனக்கு வருத்தமில்ல." பொய்தான் அது.

ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பைப் போட்டாள்.

இரண்டு பேரும் நடந்தே போனோம். கிருபா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஷைனி தொட்டிலின் கைப்பிடியில் கை வைத்தாள். விளிம்பில் ஒரு பக்கம் கடித்த பல் தடம் இருக்கும், பல் முளைக்கிறபோது அவள் கடித்தது. அதை விரலால் தடவினாள். அவள் உதடு கோணியது. நான் ஏதாவது பேசிவிடக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"இது என் தொட்டில்" என்றாள் கிருபாவிடம். "எங்க தாத்தா எனக்குச் செஞ்சது. நான் குடுக்கேன். யாரும் வந்து கேக்க மாட்டாக."

கிருபா பிள்ளையை ஷைனி கையில் கொடுத்தாள். ஷைனி வாங்கினாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு குனிந்து, தலையைத் தாங்கி, தொட்டிலில் போட்டாள். அவன் காலை உதைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். லேஸ் வலையை நான்தான் போர்த்தினேன்.

திரும்பி வரும் வழியில் அவள் அழுதாள், ரோட்டில் நின்றே அழுதாள். ஈஸ்டர் சேலை கட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன், ஆண்டவர் தருவார் என்று வந்தது, அதை அப்படியே விழுங்கிவிட்டேன். 

மூக்கை உறிஞ்சிவிட்டு அவள்தான் பேசினாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னாக் கேப்பியளா? நேத்து நான் ஆட்டோவுல இருந்து எறங்கும்போது நீங்க என் வயித்தத்தான் பாத்திய. ஏழு வருசமா அதத்தான் பாக்கிய. மொகத்தப் பாருங்கம்மா."

பார்த்தேன். ரோட்டில் நின்று நன்றாகப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வகிட்டுப் பக்கத்தில் நரை வந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது, எப்போதிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.